எச்சரிக்கையை அணைப்பது யார்?



துவைத்துக் காயவைத்து எடுத்த கறுப்புச் சட்டையில் சில நேரம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டை கிழியவில்லை, சாயமும் போகவில்லை. ஆனாலும் அதை அப்படியே உடுத்திக்கொண்டு வேலைக்குப் போக யாருக்கும் மனம் வராது. அந்தத் துணுக்குகளுக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன், 1978ஆம் ஆண்டில் தாம் உருவாக்கிய ஒரு சிறு மென்பொருளுக்கு அந்தப் பெயரையே சூட்டினார். சி மொழியில் எழுதப்பட்ட நிரல்களைப் படித்து, சந்தேகத்துக்குரிய வரிகளைச் சுட்டிக்காட்டுவதுதான் அதன் வேலை. நிரலை அது இயக்கிப் பார்ப்பதில்லை. மாணவரின் கட்டுரையை ஆசிரியர் சிவப்புப் பேனாவுடன் படிப்பதைப்போல, வரி வரியாகப் படிப்பதோடு சரி.

படித்து என்ன கண்டுபிடிக்க முடியும் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டு போதும். வங்கிக் கணக்கில் இருப்பு பூஜ்யமா என்று ஒரு நிரல் சோதிக்கவேண்டும். அதற்கு இரண்டு சமக்குறிகளை அடுத்தடுத்துப் போடவேண்டும். எழுதுபவர் கை தவறி ஒரே ஒரு சமக்குறி போட்டுவிட்டால், கேள்வி கட்டளையாகிவிடுகிறது. ‘இருப்பு பூஜ்யமா?’ என்பது ‘இருப்பைப் பூஜ்யமாக்கு’ என்று மாறிவிடுகிறது. சி மொழியின் இலக்கணப்படி இது பிழையே அல்ல. ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படித்தான். கணினி மறுப்பேதும் சொல்லாமல் சொன்னதைச் செய்துவிடும். ‘இலக்கணப்படி சரி, ஆனால் இதைத்தான் எழுத நினைத்தீர்களா?’ என்று கேட்பதற்கு ஒருவர் வேண்டும். லின்டர் வகை மென்பொருள்கள் அந்த ஒருவராக இருக்கின்றன.

இன்று ஏறக்குறைய ஒவ்வொரு கணினி மொழிக்கும் இப்படி ஒரு சோதனையாளர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிக்கோப்பும் உண்டு. எந்த விதி நடப்பில் இருக்கிறது, எது அணைக்கப்பட்டிருக்கிறது, எந்த விதி மீறப்பட்டால் வெறும் எச்சரிக்கை, எது மீறப்பட்டால் வேலையையே நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் சில பத்து வரிகள்தான். திட்டம் தொடங்கிய முதல் வாரத்தில் யாரோ ஒருவர் அதை எழுதி வைத்திருப்பார். பிறகு ஆண்டுக்கணக்கில் எவரும் அதைத் திறப்பதில்லை. எழுதியவரே வேறு வேலைக்குப் போயிருக்கக்கூடும். இந்தச் சின்னக் கோப்பைப் புதுப்பிப்பது ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று தோன்றலாம். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு திட்டத்தில் எதைப் பிழை என்று சொல்வது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்று தீர்மானிப்பது இந்தக் கோப்புதான்.

விதிகளுக்கு வயதாகும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதுவோருக்கு நெடுங்காலமாக ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு வரியில் 80 எழுத்துக்கு மேல் போனால் அவர்களது சோதனை மென்பொருள் முணுமுணுக்கும். ஏன் 80? ஐபிஎம் நிறுவனம் 1928ல் அறிமுகப்படுத்திய துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அட்டைக்குப் பின்வந்த கணினித் திரைகளும் அதே அகலத்தைப் பின்பற்றின. அட்டைகள் அருங்காட்சியகத்துக்குப் போன பின்னரும் விதி மட்டும் உயிரோடிருந்தது. வரியை 80க்குள் அடக்குவதற்காக, படிக்கச் சுலபமான நீண்ட வாக்கியத்தை ஒடித்து ஒடித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில்தான், லினஸ் டோர்வால்ட்ஸின் ஒப்புதலோடு, அந்தச் சோதனை மென்பொருளின் வரம்பு 100 ஆக உயர்த்தப்பட்டது. 80 என்பது இன்றும் விரும்பத்தக்க அளவாக அவர்களது கையேட்டில் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டியவுடனே மணி அடிப்பதில்லை. ஒரு விதியை முற்றிலும் ஒழிக்காமலேயே அதன் குரலைத் தணிக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. ஜான்சன் லின்டை உருவாக்கிய அதே 1978ல்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த வடிவங்களை ஏற்றுக்கொண்டன. துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளைச் சரியென்று படித்து வளர்ந்த ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம் புதிய விதியைச் சொல்லாமல் விட்டிருந்தால், அவர் புதிய எழுத்தையெல்லாம் வட்டமிட்டுத் தள்ளியிருப்பார். சரி, புதிய விதியைச் சொல்லிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் நூலகத்துக்குப் போய், அலமாரியிலுள்ள பழைய புத்தகங்களையெல்லாம் திருத்த உட்காரவேண்டுமா? அல்லது இனி அச்சாவதில் மட்டும் கவனம் செலுத்தினால் போதுமா? மென்பொருள் குழுக்களைத் திணறவைப்பதும் இதே கேள்விதான்.

அண்மையில் உலகெங்கும் இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது இஎஸ்லின்ட் என்னும் மென்பொருள். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2002ல் டக்ளஸ் கிராக்ஃபோர்டு ஜேஎஸ்லின்ட் என்றொரு சோதனையாளரை எழுதினார். அவருடைய கொள்கைகள் கறாரானவை. மாற்றிக்கொள்ள அதிக இடமில்லை. அந்த இறுக்கம் பிடிக்காதவர்கள் 2011ல் ஜேஎஸ்ஹின்ட் என்று பிரிந்து போனார்கள். 2013ல் நிக்கலஸ் ஜாக்காஸ் தொடங்கிய இஎஸ்லின்டில் ஒவ்வொரு விதியையும் தனித்தனியே ஏற்றவும் அணைக்கவும் முடிந்தது. சொந்த விதிகளைக்கூட எழுதிச் சேர்க்க முடிந்தது. அதனால்தான் அது பரவியது. சுதந்திரம் கூடக்கூட விதிக்கோப்புகளும் சிக்கலாகிக்கொண்டே போயின. ஒவ்வோர் உள்ளடைவிலும் ஒரு கோப்பு, அதற்கு மேலுள்ள அடைவில் இன்னொன்று, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கடைசியில் எந்த விதி செல்லுபடியாகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

இதற்குத் தீர்வாக, ஒரே கோப்பில் மேலிருந்து கீழாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய புதிய முறை உருவானது. 2024 ஏப்ரல் 5ஆம் தேதி வெளியான ஒன்பதாம் பதிப்பில் அதுவே இயல்பான முறையாயிற்று. எட்டாம் பதிப்புக்கான ஆதரவு அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதியோடு முடிவடைந்தது. ஒன்பதாம் பதிப்பில் பழைய முறையைத் தற்காலிகமாகப் பயன்படுத்த ஒரு கொல்லைப்புறக் கதவு விடப்பட்டது. பத்தாம் பதிப்பில் அதுவும் மூடப்படும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். பழைய கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றித்தரும் கருவி ஒன்றையும் அவர்களே வெளியிட்டார்கள். கோப்பு வெறும் பட்டியலாக இருந்தால் கருவி நன்றாகவே மாற்றித்தரும். கோப்புக்குள் யாராவது சொந்தமாக நிரல் எழுதி வைத்திருந்தால், கையால் சரிசெய்வதைத் தவிர வழியில்லை.

பதிப்பை ஏற்றியவுடன் நடப்பது என்ன? விதிக்கோப்பே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு மென்பொருள் நின்றுவிடலாம். இது நல்ல சகுனம். நின்றுவிட்டதை எல்லாரும் பார்க்கிறார்கள், சரிசெய்கிறார்கள். கோப்பை மாற்றி எழுதிய பின் எச்சரிக்கைகள் வெள்ளமாகப் பாயலாம். உலாவியில் இயங்கும் நிரலில் ‘விண்டோ’, ‘டாக்குமென்ட்’ போன்ற பெயர்கள் அறிவிக்காமலேயே கிடைக்கும். பழைய முறையில் ‘இது உலாவிக்கான நிரல்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். புதிய முறையில் அந்தப் பெயர்களின் பட்டியலைத் தனியே சேர்க்கவேண்டும். மறந்தால் ‘இந்தப் பெயர் யாரென்று தெரியாது’ என்ற புகார் பக்கம் பக்கமாக வரும். அவை பொய்ப் புகார்கள். அவற்றுக்கு நடுவே உண்மையான ஒன்றிரண்டு இருந்தால் யார் கண்ணிலும் படாது.

மூன்றாவது நிலைமைதான் அபாயமானது. எந்த எச்சரிக்கையும் வராது. பூஜ்யம். குழுவினர் மகிழ்ந்து வேலையை முடித்துவிடுவார்கள். உண்மையில் மென்பொருள் எதையுமே படிக்காமல் இருந்திருக்கும். புதிய முறையில் இயல்பாகச் சோதிக்கப்படுவது ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் மட்டுமே. டைப்ஸ்கிரிப்ட் முதலிய வகைகளையும் பார்க்கவேண்டுமானால் அதை விதிக்கோப்பில் குறிப்பிடவேண்டும். குறிப்பிடாவிட்டால், அடைவு முழுவதையும் சோதிக்கச் சொன்னாலும் அந்தக் கோப்புகளைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். தேர்வுத்தாளைத் திறக்காமலேயே நூற்றுக்கு நூறு போட்டுவிட்ட கதைதான். அனுபவசாலிகள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகைக் கோப்பிலும் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுதிவைத்துச் சோதனையை ஓட்டுவார்கள். பிடிபட்டால், காவல்காரர் விழித்திருக்கிறார் என்று பொருள். பிழையை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை.

புதிய பதிப்பின் பரிந்துரை விதிகளும் மாறியிருந்தன. பெயர் எழுதப்படாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் இடத்தில் மறுப்புக்குறி இடம் மாறி நின்றால், அந்தச் சோதனை எந்தக் காலத்திலும் ‘இல்லை’ என்றே விடை தரும். சோதனை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். இத்தகைய வரிகளைப் பிடிக்கும் விதி ஒன்பதாம் பதிப்பில் பரிந்துரைப் பட்டியலில் சேர்ந்தது. நிரலில் ஏற்பட்ட கோளாற்றைக் கையில் பிடித்துவிட்டு, அது என்னவென்று பாராமலேயே விட்டுவிடும் இடங்களையும் புதிய பதிப்பு சுட்டிக்காட்டத் தொடங்கியது. மறுபுறம், காரணம் செத்துப்போன சில விதிகள் பட்டியலிலிருந்து விடைபெற்றன. ஆகவே பதிப்பை ஏற்றிய மறுநாள் தோன்றும் எச்சரிக்கைகளில் பல, பழைய நிரலில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்தவை. அவற்றைக் கொண்டுவந்தவர் பதிப்பை ஏற்றிய இளைஞர் அல்லர். ஆனால் பழி அவர்மீதுதான் விழும்!

இந்த இடத்தில்தான் சபலம் தலைதூக்குகிறது. மாலைக்குள் வேலையை ஒப்படைக்கவேண்டும். திரையில் 2,000 எச்சரிக்கைகள். விதிக்கோப்பில் ‘ஆஃப்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதினால் அத்தனையும் மறைந்துவிடும். எழுதலாமா?

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்வது பொருந்தும். அங்கே எச்சரித்தது லின்டர் அல்ல. நிரலை இயக்கிப் பார்த்துப் பிழை சொல்லும் வால்கிரைண்ட் போன்ற வேறு வகைக் கருவிகள். மனிதர்கள் நடந்துகொண்ட விதத்தில் வேறுபாடு இல்லை. இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளை டெபியனுக்காகப் பராமரித்த தன்னார்வலர், அந்தக் கருவிகள் இரண்டு வரிகளைப் பற்றித் தொடர்ந்து புகார் செய்வதைக் கண்டார். மதிப்பிடப்படாத நினைவகப் பகுதியை அந்த வரிகள் பயன்படுத்துவதாகப் புகார். 2006ஆம் ஆண்டு மே மாதம் அவர் அந்த வரிகளைச் செயலிழக்கச் செய்தார். கண்மூடித்தனமாகச் செய்யவில்லை, மூல மென்பொருளைச் சேர்ந்தவர்களிடம் கேட்டார், தடுத்துச் சொன்னவர் எவருமில்லை. எச்சரிக்கைகள் நின்றன.

அந்த இரண்டு வரிகளில் ஒன்றை எடுத்ததால் பெரிய தீங்கில்லை. மற்றொன்றோ, சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களைக் கலவையில் ஊற்றும் வரி. அது போனபின் கலவையில் எஞ்சியது, இயங்கும் நிரலுக்குக் கணினி தரும் வரிசை எண் மட்டுமே. அது 32,768ஐத் தாண்டாது. எண்ணி முடியாத அளவுக்கு இருக்கவேண்டிய சாவிகள், ஒவ்வொரு கணினி வகைக்கும் ஒவ்வொரு சாவி அளவுக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் என்று சுருங்கின. அத்தனையையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது சாதாரணக் கணினிக்கே முடிந்த காரியம். வெளியே பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. பூட்டு பூட்டிற்று, சாவி திறந்தது. 2008 மே 13ஆம் தேதி, லூசியானோ பெல்லோ கண்டறிந்த இக்குறை அறிவிக்கப்படும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓடின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும் தப்பவில்லை. அந்தக் காலத்தில் உருவான சாவிகளையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யும்படி உலகம் முழுவதும் நிர்வாகிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. டெபியனை விட்டு வேறு கணினிக்கு எடுத்துச் செல்லப்பட்ட சாவிகளும் அதில் அடக்கம்.

அந்தத் தன்னார்வலரைக் குறைகூறுவது எளிது. அது நியாயமும் ஆகாது. எச்சரிக்கை எதனால் வருகிறது என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. அந்த விளக்கம் இரண்டு வரிகளில் ஒன்றுக்குத்தான் பொருந்தியது. மற்றொன்று எதற்காக அங்கே நிற்கிறது என்று நிரலில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், கை அங்கே போயிருக்காது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கு அவசரத் திருத்தம் வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில், ‘தோல்விப் பகுதிக்குப் போ’ என்று பொருள்படும் ஒரு வரி இரண்டு முறை அச்சாகியிருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாது. அதற்குக் கீழே இருந்த முக்கியச் சோதனை ஒருபோதும் நடக்காமல் போயிற்று. இயங்கவே முடியாத வரிகள் இருப்பதைச் சொல்லும் வசதி, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கிளாங் மென்பொருளில் இருந்தது. ஆனால் ‘எல்லா எச்சரிக்கைகளும்’ என்று பெயர் கொண்ட தெரிவில் அது சேர்க்கப்படவில்லை! தனியே கேட்டிருந்தால்தான் சொல்லியிருக்கும். பெயரை நம்பி ஏமாறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2016ல் வெளியான ஜிசிசி ஆறாம் பதிப்பு, இத்தகைய ஏமாற்றும் வரி ஒதுக்கீட்டைப் பிடிக்கும் எச்சரிக்கையை அதே பெயருள்ள தன் தெரிவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் எல்லா விதிகளையும் ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் பலிக்காது. ஃபேஸ்புக் நிறுவனத்தினர் இன்ஃபெர் என்ற தங்களது சோதனை மென்பொருளின் அனுபவத்தை 2019ல் எழுதி வெளியிட்டார்கள். முதலில் அது இரவில் ஓடி, கண்டுபிடித்த பிழைகளைப் பட்டியலாக்கித் தந்தது. நிரலாளர்கள் திருத்திய விகிதம் ஏறக்குறைய பூஜ்யம். பிறகு அதே மென்பொருளை, ஒருவர் புதிய வரிகளை எழுதிச் சக நிரலாளரின் பார்வைக்கு அனுப்பும் நேரத்திலேயே பேசவைத்தார்கள். விகிதம் 70 விழுக்காட்டைத் தாண்டியது. வேறுபாடு நேரத்தில்தான். கைச்சூடு ஆறாத வரியைப் பற்றிச் சொன்னால் திருத்துகிறார்கள். மூன்று ஆண்டுக்கு முன் எவரோ எழுதியதைப் பற்றிச் சொன்னால் தோளைக் குலுக்குகிறார்கள். கூகல் நிறுவனமும் தன் அனுபவத்தை 2018ல் எழுதியது. ஒரு சோதனை தரும் எச்சரிக்கைகளில் நிரலாளர்கள் பயனில்லை என்று கருதுபவை 10 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது அங்கே வைத்துக்கொண்ட அளவுகோல். பொய்யாக நான்கு முறை குரைத்த நாய் ஐந்தாவது முறை திருடனைப் பார்த்துக் குரைத்தாலும் வீட்டுக்காரர் எழுந்திருக்கமாட்டார் என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரிய நிறுவனங்கள் அதைக் கணக்கெடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டன.

விதிக்கோப்பைப் புதுப்பிக்கும் வேலை பல இடங்களில் சண்டையில் முடிவது வேறொரு காரணத்தால். வரி ஒதுக்கீட்டுக்கு டேப் விசையா, இடைவெளியா? மேற்கோள் ஒற்றையா, இரட்டையா? பெரிய படிப்பு படித்தவர்கள் இதற்காக மணிக்கணக்கில் வாதாடுவது வேடிக்கையாக இருக்கும். 2009ல் அறிமுகமான கோ மொழி இந்தச் சண்டைக்கு இடமே தரவில்லை. அழகுபடுத்தும் கருவியை மொழியோடு சேர்த்தே கொடுத்து, அது செய்வதுதான் வடிவம் என்று சொல்லிவிட்டது. இஎஸ்லின்டும் 2023 நவம்பரில் தன் வடிவம் சார்ந்த விதிகளை இனி பராமரிப்பதில்லை என்று கைவிட்டது. நல்ல முடிவு. அழகு வேறு, பிழை வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தவரை, இடைவெளி விட மறந்ததும் இருப்பைப் பூஜ்யமாக்கியதும் ஒரே சிவப்புக் கோட்டைத்தான் பெற்றன.

அழகுபடுத்தும் கருவியைப் பழைய திட்டத்தில் முதன்முதலாக ஓட்டினால் ஆயிரக்கணக்கான வரிகள் ஒரே நாளில் மாறும். எந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்ற வரலாற்றைக் கேட்டால், எல்லா வரிக்கும் கருவியை ஓட்டியவரின் பெயரே வரும். இதற்காகவே 2019ல் வெளியான கிட் 2.23ஆம் பதிப்பு ஒரு வசதி செய்து தந்தது. குறிப்பிட்ட மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தோடு வேறெந்தத் திருத்தமும் கலந்திருக்கக்கூடாது. போகிற போக்கில் ஒரு பிழையையும் சேர்த்துத் திருத்திவிட்டால், அந்தத் திருத்தமும் வரலாற்றில் காணாமல் போகும்.

புதுப்பிப்பதிலேயே ஓர் அபாயம் உண்டு. 2018 ஜூலை 12ஆம் தேதி, இஎஸ்லின்டைப் பராமரிப்பவர் ஒருவரின் கணக்கைக் கைப்பற்றிய விஷமிகள், அதன் துணைத் தொகுப்புகளில் நச்சு நிரலைச் சேர்த்து வெளியிட்டார்கள். வேறோர் இடத்தில் பயன்படுத்திய கடவுச்சொல்லையே இங்கேயும் வைத்திருந்தது வினையாயிற்று. 2025 ஜூலையில் மீண்டும் ஒரு சம்பவம். விதிகளை அணைப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத, மிகப் பரவலான ஒரு விதித் தொகுப்பைப் பராமரித்தவர் போலி மின்னஞ்சலுக்கு ஏமாந்தார். விண்டோஸ் கணினிகளைத் தாக்கும் நிரல் அந்தத் தொகுப்பின் சில பதிப்புகளில் ஏறியது. காவல்காரரின் சட்டைப் பையிலேயே திருடன் ஒளிந்துகொண்ட கதை. எந்தப் பதிப்பு என்பதைத் துல்லியமாகப் பூட்டி வைப்பதும், வெளியான அன்றே ஓடிப்போய் ஏற்றாமல் சில நாள் பொறுத்திருப்பதும் இதனால்தான் வழக்கமாயிற்று.

சரி, அந்த 2,000 எச்சரிக்கைகளை என்ன செய்வது? அத்தனையையும் ஒரே மூச்சில் திருத்துவது வீரமாகத் தெரியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் 2,000 இடத்தில் கைவைத்தால் புதிய பிழைகள் புகும். முழுவதையும் அணைத்துவிடுவதன் விளைவு என்ன என்பதை டெபியனில் பார்த்தாயிற்று. நிதானமான குழுக்கள் இடைவழி ஒன்றைப் பின்பற்றுகின்றன. விதியை ஏற்றிவிடுவார்கள். பழைய மீறல்களைத் தனிப் பட்டியலில் எழுதிவைத்து அவற்றை மட்டும் பொறுத்துக்கொள்வார்கள். இன்று எழுதும் புதிய வரிக்கு மன்னிப்பு கிடையாது. ரூபி மொழிக்காரர்களின் ரூபோகாப்பில் இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக உண்டு. ‘செய்யவேண்டியவை’ என்றே அந்தக் கோப்புக்குப் பெயர்.

ஏதேனும் ஒரு வரிக்கு விலக்கு தேவைப்பட்டால், விலக்குக் குறிப்பின் பக்கத்திலேயே காரணத்தை எழுதும் வழக்கத்தையும் நல்ல குழுக்கள் வற்புறுத்துகின்றன. 2020ல் வெளியான இஎஸ்லின்ட் ஏழாம் பதிப்பு முதல் அதற்கென்றே இடம் உண்டு. ‘இந்த மதிப்பு வெளியிலுள்ள கட்டணச் சேவையிலிருந்து வருகிறது, பெயரை மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும்’ என்று ஒரு வரி இருந்தால், ஐந்து ஆண்டு கழித்து வருபவர் அந்தச் சேவை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பார். காரணமில்லாத விலக்கைக் கண்டால், எடுக்கவும் பயம், விடவும் பயம். ஒன்பதாம் பதிப்பில் இன்னொன்றும் சேர்ந்தது. விலக்கு கேட்டு எழுதிய குறிப்பு நிற்கிறது, ஆனால் அங்கே மீறலே இல்லை என்றால், அந்தக் குறிப்பு வீண் என்று மென்பொருள் தானாகவே சொல்லும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதத் தொடங்கிய பிறகு இந்த விலக்குக் குறிப்புகளுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. சோதனையைத் தாண்டு என்று மட்டும் சொன்னால், சில வேளைகளில் அந்தக் கருவியும் மாலை நேரத்து மனிதர் செய்வதையே செய்யும். பிழையைத் திருத்துவதற்குப் பதில் எச்சரிக்கையை அணைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று அறிக்கை தரும். ஆகவே விதிக்கோப்பில் நடக்கும் எந்த மாற்றமும் இன்னொருவர் கையொப்பமின்றி உள்ளே போகக்கூடாது என்று பல குழுக்கள் ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றன. அந்த இன்னொருவர் மூத்தவராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ‘இது எதற்கு?’ என்று கேட்கக் கூச்சப்படாதவராக இருந்தால் போதும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

2025 ஏப்ரலில் இஎஸ்லின்டும் பழைய மீறல்களைத் தனிக்கோப்பில் பதிவுசெய்யும் வசதியைக் கொண்டுவந்தது. எந்தக் கோப்பில் எந்த விதி எத்தனை முறை மீறப்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். ஒரு கோப்பில் பதிவான எண்ணிக்கை ஏழு என்றால், எட்டாவது மீறல் வந்த உடனே எட்டையும் சேர்த்துத் திரையில் காட்டும். ஒன்றைத் திருத்தி ஆறாகக் குறைத்தாலும் அது சும்மா இருப்பதில்லை. பட்டியலில் இன்னும் ஏழு என்று இருக்கிறதே, அதைக் குறைத்து எழுதுங்கள் என்று சொல்லி, எழுதும்வரை சோதனையைத் தேர்ச்சி பெறவிடாது.